மஞ்சள் துணியில் ரோமக் காசு

றொசல்ல
19.02.2024

நிரஞ்சன்,

'அன்புள்ள' என்று போடவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். உன் நம்பரை என் போனில் தடுத்து வைத்து இன்றோடு எட்டு நாள். போனில் பேசினால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது, என்னைக் கட்டிய பாவத்துக்குத் தெரேசா வந்து போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறாள். அதனால்தான் கடிதம். கடிதத்தில் இன்னொரு வசதியும் உண்டு. நான் திட்டிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து "அத விடு மச்சான்" என்று உன்னால் சொல்ல முடியாது.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். டிசம்பர் பத்தாம் திகதி ஞாயிற்றுக்கிழமை, மஸ்கெலியா பஸ் நிலையத்துக்கு மேலே இருக்கும் உன் போன் திருத்தும் கடைக்கு வந்து, என் ரோமக் காசை உன் கையில் கொடுத்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஹட்டனில் பழைய பித்தளை வாங்கும் வீரய்யாவின் டப்பாவில், வெள்ளைக்காரன் காலத்து அரைச் சதக் காசுகளுக்கு நடுவே நான் கண்டெடுத்த காசு. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் முத்துப் பட்டம் கட்டிய தலை, வலப்பக்கம் பார்க்கிறது. மறுபக்கம் இலை வளையம். தலையைச் சுற்றியும் வளையத்துக்குள்ளும் எழுத்து இருக்கிறது, ஆனால் அதன் மேல் பச்சைப் படிவு. அந்த எழுத்து தெரிந்துவிட்டால் எந்த அரசன், எந்தக் காலம் என்று சொல்லிவிடலாம். போனுக்குள் இருக்கும் பொடிப் பொடிச் சாமான்களைப் பார்க்க நீ வைத்திருக்கும் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல் என்று கொடுத்தேன். "பச்சையத் தொட்டா கைய ஒடைப்பேன்" என்றும் சொன்னேன். நீ சிரித்தாய்.

ஜனவரி எட்டாம் திகதி வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் விழுந்தேன். கண்டி ஆஸ்பத்திரியில் நெஞ்சுக் குழாய்க்குள் இரண்டு கம்பிச்சுருள் வைத்து என்னை அனுப்பினார்கள். நீ இரண்டு தடவை தோடம்பழத்தோடு வந்து பார்த்தாய். மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் காசைக் கேட்டேன். நீ செருப்பைப் பார்த்துக்கொண்டு, "அது இப்ப முடியாது மச்சான்" என்றாய். ஏன் முடியாது?

கொழும்பில் நாணயம் சேகரிப்பவர்கள் ஏப்ரல் இருபதாம் திகதி கூடுகிறார்கள். காசோடு வந்து பேசு என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மலைநாட்டில் கணக்குப் படிப்பிக்கிற ஒருவனை இதற்கெல்லாம் யாரும் கூப்பிட்டதில்லை. இந்த நேரத்தில், நுவரெலியாவில் சுற்றுலா வழிகாட்டி ஒருவன் மஸ்கெலியாவில் வாங்கிய ரோமக் காசு என்று வெள்ளைக்காரர்களுக்குக் காட்டுகிறான் என்று எங்கள் பாடசாலை ஜெரோமி வந்து சொல்கிறார். நான் என்ன நினைக்கட்டும்?

உன் மனைவிக்கும் அந்தக் காசைக் கண்டாலே ஆகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் படியேறும்போது, "வந்துட்டாரு செப்புக்காசுக்காரரு" என்று ஜெயந்தினி உள்ளே சொல்வது எனக்குக் கேட்காமல் இல்லை. வீட்டில் ஒரு சனியன் தொலைந்தது என்று அவளே எடுத்துக் கொடுத்திருப்பாள்.

நேராகக் கேட்கிறேன். விற்றுவிட்டாயா?

றோலண்ட்


மஸ்கெலியா
25.02.2024

அன்பு மச்சான் றோலண்ட்,

கடிதம் வந்தது. உன் எழுத்தைப் பார்த்து எத்தனை வருடம். ஒன்பதாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எழுதிக் கொடுத்த அதே குண்டு எழுத்து. ஒரு வரி கோணவில்லை. ஜெயந்தினி வாங்கிப் பார்த்துவிட்டு, "கை நடுங்கலங்க, பாத்தீங்களா?" என்றாள். அதில் அவளைப் பற்றி எழுதியிருந்ததையும் படித்தாள். கடிதத்தை மடித்து என்னிடம் தந்துவிட்டு, பிள்ளைக் காம்பராவுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் நேரம்.

நீ கேட்டதற்குப் பதில். விற்கவில்லை. தொலைக்கவும் இல்லை. காசு பத்திரமாக இருக்கிறது, எங்கே இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். ஆனால் இப்போது தர முடியாது, ஏன் என்றும் சொல்ல முடியாது. சித்திரை வரட்டும். எங்கள் தோட்டத்துத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும் எல்லாம் சொல்கிறேன். கொழும்புக் கூட்டம் அதற்கு ஆறு நாள் முந்தி என்று எனக்கும் விளங்குகிறது.

இதைப் படித்து நீ என்ன சொல்வாய் என்று தெரியும். நான் உன் இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்வேன்.

மருந்துக் குளிசைகளை ஒழுங்காகப் போடுகிறாயா? படி ஏறாதே. உப்பைக் குறை. என்னைத் திட்டு, பரவாயில்லை, ஆனால் உட்கார்ந்துகொண்டு திட்டு.

உன்
நிரஞ்சன்


றொசல்ல
04.03.2024

திரு. நிரஞ்சன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. என் பொருள் எங்கே இருக்கிறது என்று தங்களுக்குத் தெரியும், ஆனால் தர மாட்டீர்கள் என்று தாங்களே கைப்பட எழுதித் தந்திருக்கிறீர்கள். கள்ளன் இவ்வளவு தெளிவாக எழுதிக் கொடுத்து நான் கேள்விப்பட்டதில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்தபோது எனக்கு என்ன நினைவு இருந்தது என்று தங்களுக்குச் சொல்லியிருக்கிறேனா? செபம் சொல்ல முயன்றேன், பாதியில் விட்டுப் போனது. அந்த இலை வளையம்தான் கண்ணுக்குள் நின்றது. அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் சாகக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். கேட்பவருக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு அது சிரிப்பு இல்லை.

மார்ச் இருபதாம் திகதிக்குள் காசு என் கைக்கு வரவேண்டும். வராவிட்டால் பொலிசுக்குப் போவேன். தங்கள் மனைவியாரிடமும் இதைத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
ச. றோலண்ட்


மஸ்கெலியா
14.03.2024

மச்சான்,

'தங்கள்' என்று படித்ததும் கடிதம் வேறு யாருக்கோ வந்துவிட்டது என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

போன புதன்கிழமை போன் சாமான் வாங்கக் கண்டிக்கு ரயிலில் போனேன். றொசல்லையில் வண்டி நின்றபோது நீ மேடையில் நடந்துகொண்டிருந்தாய். சாம்பல் நிற சுவெட்டர், கையில் குடை. டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பார். மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நிற்காமல் நடந்தாய். நான் ஜன்னலை விட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். இறங்கி ஓடி வரலாம் போலத்தான் இருந்தது. என்னைக் கண்டதும் கோபத்தில் உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று பயந்து இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து ஜெயந்தினியிடம் சொன்னேன். "மூச்சு வாங்குச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "நல்லாப் பாத்தீங்களா?" என்று மறுபடி கேட்டாள். எத்தனை தடவை கேட்டாள் என்று எண்ணவில்லை. நீ நடந்ததற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், அன்றைக்குக் கடைக்கு வந்த எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.

இனி ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். மறைத்து வைத்தால் எனக்கு நித்திரை இல்லை. அந்தப் பச்சை போய்விட்டது. காசைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கியாகிவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. காசு இப்போது புதுச் செம்பு மாதிரிச் சிவப்பாக இருக்கிறது.

இதற்கு நீ என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. ஆனால் காசைச் சித்திரைக்கு முன்னால் கேட்காதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

நிரஞ்சன்


றொசல்ல
02.04.2024

நிரஞ்சன்,

புளி என்று படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் படுத்துவிட்டேன். தெரேசா ஓடி வந்து நாடி பிடித்துப் பார்த்தாள். ஆயிரத்து ஐந்நூறு, அறுநூறு வருடம் மண்ணும் ஈரமும் சேர்ந்து அந்தக் காசுக்குப் போர்த்திய தோல் அது. அதை உரித்தால் அந்தக் காசுக்குப் பாதி உயிர் போன மாதிரி. சேகரிப்பவன் எவனும் செய்யாத காரியம். நீ பக்கத்தில் நின்றாயாம்.

சொன்னபடி பொலிசுக்குப் போனேன். பெரிய வெள்ளிக்கு முதல் நாள் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய், பொலிஸ் நிலையத்தில் நீட்டு மர வாங்கில் உட்கார்ந்தேன். வயது போன ஒரு சார்ஜன் என் முறைப்பாட்டை எழுத ஆரம்பித்தார். என் பெயர், முகவரி, உன் பெயர், உன் முகவரி எல்லாம் எழுதினார். பிறகு தலையை நிமிர்த்தாமல் சிங்களத்தில் கேட்டார், "அந்த ஆள் உங்களுக்கு யார்?"

கேள்வி அவ்வளவுதான். 'கூட்டாளி' என்று சொல்லலாம். முப்பத்தெட்டு வருடக் கூட்டாளி என்று சொன்னால், அவனைப் பற்றியா முறைப்பாடு என்று கேட்பார். 'தெரிந்தவர்' என்று சொல்ல நாக்கு வரவில்லை. அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, வெளியே போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள், அவசரம் இல்லை என்றார். குடித்தேன். திரும்பி உள்ளே போகாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

காசை நீயே வைத்துக்கொள். கொழும்புக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டேன். உயிர்த்த ஞாயிறு பூசையில் உன்னை மன்னிக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஆனால் இனிமேல் கேட்கவும் மாட்டேன். இத்தோடு கணக்கு முடிந்தது.

றோலண்ட்


மஸ்கெலியா
26.04.2024, வெள்ளிக்கிழமை

என் அன்பு மச்சான் றோலண்ட்,

இன்று காலையில் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டியாகிவிட்டது. ஜெயந்தினி பூசாரியிடம் தன் நேர்த்தியைச் சொல்லிவிட்டாள். இனி நான் வாய் திறக்கலாம். கடையைச் சாத்திவிட்டு எழுதுகிறேன்.

ஜனவரி எட்டாம் திகதி பதினொரு மணி இருக்கும். ஜெயந்தினி சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். உன் காசு நுண்ணோக்கிக்குக் கீழே இருந்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தெரேசா போன் எடுத்தாள். நீ விழுந்துவிட்டாய், கண்டிக்குக் கொண்டுபோகிறார்கள், பேச்சு மூச்சு இல்லை என்றாள். நான் கடைச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். ஜெயந்தினிதான் கேட்டாள், "அவரு கைபட்டது நம்மகிட்ட ஏதாச்சும் இருக்காங்க?"

எங்கள் வழக்கம் உனக்கும் தெரிந்திருக்கும். ஆள் பிழைக்குமா என்று இருக்கிற நேரத்தில் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து அம்மனுக்கு நேர்ந்துகொள்வோம். அந்த ஆளின் கைபட்ட காசாக இருந்தால் அம்மனுக்கு அடையாளம் தெரியும் என்று ஜெயந்தினியின் வீட்டில் சொல்வார்கள். உன் கைபட்டது எங்களிடம் என்ன இருக்கிறது? நீ காப்பி குடித்த கோப்பையைக் கழுவி வைத்தாயிற்று. நான் மேசையில் இருந்த காசைக் காட்டினேன். அவள் ஒரு நிமிடம் அதைப் பார்த்தாள். அது உனக்கு என்னவென்று அவளுக்குத் தெரியாது என்று நினைக்காதே. "அவரு உசுரா வச்சிருக்கறதுதானே. அதையே குடுப்போம்" என்றாள்.

அழுக்குக் காசு அம்மனுக்கு ஆகாது. அதனால் வெள்ளிக்கிழமை விளக்குத் துலக்குவது போலப் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தாள். நீ சொன்னது எனக்கு நினைவிருந்தது. அந்த நேரத்தில் உன் பச்சையா உன் உயிரா என்று யார் கேட்டாலும் நான் என்ன சொல்வேன்? தேய்க்கட்டும் என்று நின்றேன். கழுவி, மஞ்சள் துணியில் முடிந்து, கடைச் சுவரில் எங்கள் அம்மன் படத்து ஆணியில் தொங்கவிட்டாள். அவர் தன் காலாலே நடந்து வந்தால் திருவிழாவில் உண்டியலில் சேர்க்கிறேன் என்பது நேர்த்தி.

பூசாரியிடம் சொல்லும்வரை நேர்த்தியை வெளியே விடக் கூடாது. யாருக்காக நேர்ந்தோமோ அவர் காதில் முக்கியமாக விழக் கூடாது, விழுந்தால் பலிக்காது என்பாள். நான் இதையெல்லாம் நம்புகிறவனா என்று கேட்பாய். பாதிதான் நம்புகிறேன். ஆனால் நம்பாத மற்றப் பாதியை வைத்துக்கொண்டு உன் உயிரோடு விளையாட எனக்குத் தைரியம் வரவில்லை. முடிச்சு என் தலைக்கு மேலேதான் தொங்கியது. உன் கடிதம் வரும் ஒவ்வொரு தடவையும் அதை அண்ணாந்து பார்ப்பேன்.

கள்ளன் என்று எழுதினாய். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் திட்டி எழுத உனக்குக் கை இருக்கிறதே, அது போதும் என்று வைத்துக்கொண்டேன்.

இன்று முடிச்சை அவிழ்த்தாயிற்று. தேர் மே பன்னிரண்டாம் திகதி. அதுவரைக்கும் காசு படத்துக்கு முன்னால் தட்டில் இருக்கும். இனி நீ சொல்வதுதான்.

உன்
நிரஞ்சன்


றொசல்ல
30.04.2024

அன்புள்ள நிரஞ்சன்,

'அன்புள்ள' என்று போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள். அதை எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று யோசித்து, பிறகுதான் எழுதினேன்.

உன் கடிதத்தைத் தெரேசா வாசித்தாள். என்னால் இரண்டாம் பக்கத்துக்கு மேல் வாசிக்க முடியவில்லை. உன்னை நான் கள்ளன் என்றேன். ஜெயந்தினியைப் பற்றி அதைவிடக் கேவலமாக எழுதினேன். இரண்டு பேரும் இரண்டு மாதத்துக்கு மேல் அதைத் தலையில் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தீர்கள். எனக்கு இப்படி ஒரு கூட்டாளியும் அவனுக்கு இப்படி ஒரு மனைவியும் வாய்க்க நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை. என் நெஞ்சுக்குள் இருக்கிற கம்பிச்சுருளுக்கு டாக்டருக்கு நன்றி சொன்னேன், தாதிமாருக்குச் சொன்னேன், கடவுளுக்குச் சொன்னேன். சொல்லவேண்டிய வீட்டுக்குப் பொலிசை அனுப்பப் பார்த்தேன்.

ஜெரோமி சொன்ன வழிகாட்டியின் காசையும் நேற்று போனில் படம் பிடித்துக் காட்டினார்கள். கடைகளில் விற்கும் பொம்மைக் காசு. ஒரு பக்கம் கப்பல், மறுபக்கம் தயாரித்த கம்பெனியின் பெயர்.

போனில் உன் தடையை எடுத்துவிட்டேன். ஆனால் கூப்பிடாதே, உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். ஒரே ஒரு உதவி கேட்கிறேன். தேயிலைப் பக்கெட்டுக்கு உள்ளே வருகிற வெள்ளித்தாளைக் காசின் மேல் வைத்து, பென்சிலின் அழிறப்பரால் மெல்ல அழுத்தினால் அச்சு விழும். இரண்டு பக்கமும் எடுத்து, நசுங்காமல் நெருப்புப் பெட்டிக்குள் வைத்து அனுப்பு. அந்த எழுத்தை ஒரு தடவை பார்த்தால் போதும்.

ஜெயந்தினி என் முகத்தைப் பார்ப்பாளா?

றோலண்ட்


மஸ்கெலியா
04.05.2024

மச்சான்,

அச்சு வைத்திருக்கிறேன். மூன்று தாள் கிழிந்தது, நாலாவது சரி. தலை இருக்கிற பக்கத்தில் விளிம்பில் கொஞ்சம் எழுத்து. இலை வளையத்துக்குள் நாலு வரி நன்றாகத் தெரிகிறது. இரண்டாவது வரியில் ஒரு பெருக்கல் அடையாளம், நாலாவது வரியில் இரண்டு பெருக்கல் அடையாளம். கணக்கு வாத்தியாரின் காசில் கணக்குத்தான் இருக்கும் என்று ஜெயந்தினி சொல்கிறாள். உன் முகத்தைப் பார்ப்பாளா என்று கேட்டாயே, அதைச் சொன்னேன். "அவரு மொதல்ல ஒழுங்காச் சாப்பிடட்டும்" என்றாள். அது சம்மதம்தான் என்று நினைக்கிறேன்.

பூசாரியிடம் ஒன்று விசாரித்தேன். நேர்ந்த பொருளுக்கு ஈடு வைத்து மீட்கலாமாம். ஜெயந்தினியின் காதுத் தோட்டை வைத்துக் காசை எடுத்துக்கொள்ளலாம், அம்மன் ஒன்றும் சொல்ல மாட்டாள் என்கிறார். அவளே தோட்டைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டாள். நீ "ஆம்" என்று ஒரு வார்த்தை எழுதினால் காசு உனக்கு.

நிரஞ்சன்


றொசல்ல
08.05.2024

நிரஞ்சன்,

நெருப்புப் பெட்டி நேற்று வந்தது. அச்சை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். பன்னிரண்டு வருடமாகப் படிக்க முடியாததை ஒரு நிமிடத்தில் படித்துவிட்டேன்.

முதலில் தலைப் பக்கம். விளிம்பில் 'தோசியஸ்' என்று மட்டும் தெரிகிறது. முன்னால் இருந்தது தேய்ந்துவிட்டது. முத்துப் பட்டம், காசின் அளவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் தியோடோசியஸ் என்ற ரோமப் பேரரசன்தான். கிறிஸ்து பிறந்து முந்நூற்று எண்பது சொச்சம் ஆண்டில் அடித்தது. வளையத்துக்குக் கீழே, எந்த ஊர் நாணயச் சாலையில் அடித்தது என்று சொல்லும் எழுத்து இருக்கவேண்டும். அது போய்விட்டது. அதைப் புளியின் மேல் போட மாட்டேன், முன்பே தேய்ந்திருக்கும்.

இனி வளையத்துக்குள். 'வோட்', கீழே பத்து. 'முல்ட்', கீழே இருபது. நீ பெருக்கல் அடையாளம் என்று சொன்னது ரோம எண்ணில் பத்து. இந்த வகைக் காசு புத்தகத்தில் இருக்கிறது, அதனால் சந்தேகம் இல்லை. 'வோட்' என்பது வேண்டுதல். அரசன் பத்து வருடம் நன்றாக இருந்தால் இன்னது தருகிறோம் என்று தெய்வத்துக்கு நேர்ந்துகொள்வார்கள். பத்து முடிந்ததும் அதைச் செலுத்திவிட்டு, இருபதுக்கு மறுபடி நேர்வார்கள். அதைக் காசிலும் அடித்தார்கள். பத்துக்கு நேர்ந்ததைக் கொடுத்துவிட்டோம், இருபதுக்கும் நேர்ந்துகொள்கிறோம். இதுதான் அந்த நாலு வரி.

படித்துவிட்டுத் தெரேசாவைக் கூப்பிட்டேன். அச்சை அவள் கையில் வைத்து வரி வரியாகப் படித்துக் காட்டினேன். நான் தொட்ட வேறு எந்தக் காசாக இருந்தாலும் ஜெயந்தினிக்குச் சரிதான். அவள் எடுத்தது நேர்த்திக்கென்றே அடித்த காசு. பச்சை இருந்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. புளிக்கு நன்றி சொல்கிற நாணயச் சேகரிப்பாளன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதைக் கொழும்பில் யாரிடமும் சொல்லாதே. அவர்களுக்கு வெள்ளித்தாள் அச்சையும் ஒரு குறிப்பையும் அனுப்புகிறேன், அது போதும்.

தோட்டை ஜெயந்தினியின் காதில் போடச் சொல். என் பதில் 'இல்லை'. என் உயிருக்குக் கொடுத்த காசை நான் திருப்பி வாங்கினால், பிறகு எதற்கு நன்றி சொன்னதாக ஆகும்? கஷ்டம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். காலையிலிருந்து அச்சைத் தடவிக்கொண்டேதான் இருக்கிறேன். ஆனால் ஒரு ஆசை. நடந்து வந்தால் என்றுதானே நேர்த்தி. நான் நடந்து வந்து என் கையாலேயே போடுகிறேன். எங்கள் ஃபாதரிடம் கேட்கவில்லை. கேட்டால் பாவம், அவர் ஒரு பதில் சொல்லவேண்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தெரேசாவும் நானும் வருகிறோம்.

றோலண்ட்


றொசல்ல
14.05.2024

அன்பு நிரஞ்சன்,

நேற்று முன்தினம்தான் பார்த்தோம், அதற்குள் கடிதமா என்று சிரிப்பாய். நீ பார்க்காத ஒன்றை எழுதவேண்டியிருக்கிறது. ஒலிபெருக்கி மக்கர் பண்ணுகிறது என்று யாரோ கூப்பிட்டதும், நீ திருப்புளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாய். அந்த நேரத்தில் நடந்தது இது.

கோயில் படி முப்பத்திரண்டு. நடுவில் இரண்டு தடவை நின்று ஏறினேன். மேலே ஜெயந்தினி அர்ச்சனைத் தட்டோடு நின்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க நாலு வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். "தங்கச்சி" என்று மட்டும் சொன்னேன். அவள், "மூச்சு வாங்குதாண்ணே? செத்த நின்னுட்டு வாங்க" என்று சொல்லி, தட்டிலிருந்து காசை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். சிவப்பாக, சுத்தமாக இருந்தது. அதைப் பச்சையாகவே பார்த்துப் பழகியவனுக்கு வேறு காசு மாதிரித்தான் இருந்தது. கடைசியாக ஒரு தடவை இலை வளையத்தைப் பார்த்துக்கொண்டேன். போட்டுவிட்டேன். உண்டியலுக்குள் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு சின்னக் காசு.

பிறகு பூசாரி அர்ச்சனைக்குத் தட்டை வாங்கினார். வேறொரு வேலையாகத் திரும்பிக்கொண்டே, "யாரு பேருக்கும்மா?" என்று கேட்டார்.

"எங்க அண்ணன் பேருக்குங்க" என்றாள்.

"பேரு?"

"றோலண்டு."

"நட்சத்திரம்?"

எனக்கு நட்சத்திரம் கிடையாது, சாமி பெயரிலேயே செய்யுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். நான் ஞானஸ்நானம் பெற்றவன். என் வீட்டில் யாரும் எனக்கு நட்சத்திரம் பார்த்ததில்லை. அவள் என் பக்கம் திரும்பாமலே, "பூசம்" என்றாள். பூசாரி அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஓ, வெள்ளிக்கு வெள்ளி வர்ற பேரா? இவருதானா?" என்றார்.

வரும் வழியில் பஸ்ஸில் தெரேசாவிடம் கேட்டேன். நான் மயக்கத்தில் கிடந்தபோது ஆஸ்பத்திரி நடைபாதையில் வைத்து, நான் பிறந்த திகதியும் நேரமும் ஜெயந்தினி கேட்டாளாம். எங்கள் அம்மா செபப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைத்திருந்ததைத் தெரேசா பார்த்துச் சொல்லியிருக்கிறாள். எதற்கென்று அவளும் கேட்கவில்லையாம்.

வீட்டுக்கு வந்து நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன். நான் விழுந்ததிலிருந்து திருவிழா வரைக்கும் பதினெட்டு வெள்ளிக்கிழமை. காசை விற்றுவிட்டாயா என்று உன்னைக் கேட்டு, அவளே எடுத்துக் கொடுத்திருப்பாள் என்று பழி போட்டு நான் எழுதிய கடிதம் பெப்ரவரியில் உங்களுக்குக் கிடைத்தது. அதைப் படித்த வாரமும் போயிருக்கிறாள். கள்ளன் என்று எழுதிய வாரமும் போயிருக்கிறாள். நான் பொலிஸ் நிலையத்து வாங்கில் உட்கார்ந்திருந்தேனே, அதற்கு மறுநாளும் வெள்ளிக்கிழமைதான். அன்றைக்கும் அங்கே போய் நின்று, என் பெயரையும் எனக்கே தெரியாத என் நட்சத்திரத்தையும் சொல்லியிருக்கிறாள்.

இதை அவளிடம் நேரில் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. நீ வாசித்துக் காட்டு.

இப்படிக்கு,
உங்கள் இருவரின்
றோலண்ட்,
பூச நட்சத்திரம்